மூடியைக் கழற்றிப் பார்த்தால்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தேன்: “கோரை எண்ணிக் காசு கொடுக்காதீர்கள்.” கம்ப்யூட்டரின் மூளையான பிராசசருக்குள், தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகளான கோரைத்தான் சொன்னேன். பாய் வியாபாரி ஒருவர் கோரைப்புல் என்று நினைத்து, “நாங்கள் கட்டுக்கணக்கில்தான் வாங்குவோம், எண்ணுவதில்லை” என்று விளக்கம் அனுப்பியிருக்கிறார். அவருக்கு நன்றி. மற்ற கடிதங்களில் பாதிப் பேர் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். மீதிப் பேர் ஏற்கெனவே எண்ணிக் கொடுத்துவிட்டு இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்தான். வழக்கம்போல ஊரை மட்டும் போடுகிறேன். பெயரைப் போட்டால் உங்களுக்கு கம்ப்யூட்டர் விற்றவர் என் கடைக்கு வந்து சண்டை போடுகிறார்.

நாலு கோர் மெஷினை மாற்றி எட்டு கோர் வாங்கினோம். ஆனால் ஸ்டாக் ரிப்போர்ட் எடுக்க முன்பு ஆன நேரம்தான் இப்போதும் ஆகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 6, 7 சதவீதத்துக்கு மேல் ஏறவே இல்லை. மெஷின் தூங்குகிறது, நான் காத்திருக்கிறேன். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
*ஆடிட்டர் அலுவலக ஊழியர், பல்லடம்*

அவர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. நீங்கள் எழுதிய அந்த 6-லேயே விடை இருக்கிறது. உங்கள் பிராசசரில் எட்டு கோர், ஒவ்வொரு கோருக்கும் இரண்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசை. ஆக விண்டோஸ் அதை 16 பேராக எண்ணும். நூறை 16-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.25 வரும். ஒரே ஒருவர் மூச்சிரைக்க வேலை பார்க்கிறார், மீதி 15 பேர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். மொத்தக் கணக்கில் பார்த்தால் அது தூக்கம் மாதிரித் தெரியும்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சிபியு வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 16 கட்டங்கள் வரும். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விண்டோஸ் அந்த ஒரே வேலையை இந்த கோரிலிருந்து அந்த கோருக்கு மாற்றி மாற்றி உட்கார வைக்கும். அதனால் எல்லாக் கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் மேடு தெரியும். கூட்டிப் பார்த்தால் ஓராள் வேலைதான்.

ஏன் பிரித்துக் கொடுக்கவில்லை? உங்கள் வேலையையே நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1-ம் தேதி முடிவிருப்பு தெரியாமல் 2-ம் தேதி தொடக்க இருப்பைப் போட முடியாது. ஒன்று முடிந்துதான் அடுத்தது. பொருள்வாரியாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் கொஞ்சம் கொடுக்கலாம், நியாயம்தான். ஆனால் மென்பொருளை அப்படி எழுதியிருக்க வேண்டும். எழுதாத மென்பொருளுக்கு எட்டு கோர் இருந்தாலும் ஒன்றுதான், எண்பது இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட் ஓடும்போது அதே பக்கத்தில் டிஸ்க் எவ்வளவு காட்டுகிறது? டேட்டா ஃபோல்டர் முதலாளி அறையில் இருக்கும் பழைய மெஷினில் இருந்து நெட்வொர்க் வழியாக வருகிறதா? இப்படி வந்த மெஷின்களில் பாதிக்கு மேல் குற்றவாளி அந்தப் பழைய மெஷினின் ஹார்டு டிஸ்க்தான். அதை மாற்றி, சுற்றும் தகடே இல்லாத வேகமான எஸ்எஸ்டி போட்டாலே ஆள் மாறிவிடும்.

2002-லேயே 3 கிகாஹெர்ட்ஸ் வந்துவிட்டதாம். இருபது வருஷம் கழித்து வாங்கிய என் லேப்டாப்பிலும் அதே மாதிரி எண்தான் போட்டிருக்கிறது. நடுவில் என்ன ஆச்சு?
*பொறியியல் முதலாண்டு மாணவர், ஈரோடு*

சூடு ஆச்சு தம்பி. வேறொன்றும் இல்லை. கிகாஹெர்ட்ஸ் என்பது பிராசசர் விநாடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்ற கணக்கு.

நான் கடை போட்டது 1998-ல். அப்போதெல்லாம் விலைப்பட்டியலை எழுதி ஒட்டினால் மூன்று மாதம் தாங்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். 2000 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனம் 1 கிகாஹெர்ட்ஸ் அத்லான் பிராசசரை அறிவித்தது. இரண்டே நாளில் இன்டெல்லும் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. 2001 ஆகஸ்ட்டில் பென்டியம் 4 இரண்டைத் தொட்டது. 2002 நவம்பரில் 3.06. அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் 2010-க்குள் 10 வந்துவிடும் என்று பந்தயம் கட்டினோம். நானும் கட்டினேன். 2004 நவம்பரில் 3.8 வந்தது. பென்டியம் 4 அதோடு நின்றது.

4 கிகாஹெர்ட்ஸ் வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. அப்போது அதன் தலைமை அதிகாரியாக இருந்த கிரெய்க் பாரெட், ஒரு மாநாட்டு மேடையில் பாதி விளையாட்டாக மண்டியிட்டே மன்னிப்புக் கேட்டார்.

காரணம் எளிய கணக்கு. சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு ஏறும், வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் வோல்ட்டேஜையும் ஏற்ற வேண்டியிருக்கும். இரண்டையும் 20 சதவீதம் ஏற்றினால் 1.2 × 1.2 × 1.2, அதாவது 1.73 மடங்கு மின்சாரம். கிடைத்தது 20 சதவீத வேகம், கொடுத்தது 73 சதவீதச் சூடு. முன்பெல்லாம் சிப்பில் உள்ள நுண்ணிய சுவிட்சான டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க வோல்ட்டேஜும் இறங்கிக்கொண்டே வந்ததால் இந்தக் கணக்கு நம்மைக் கடிக்கவில்லை. சிப் தயாரிப்பு 90 நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது வோல்ட்டேஜ் அதற்கு மேல் இறங்க மறுத்தது, சும்மா இருக்கும்போதே கரண்ட் கசியவும் ஆரம்பித்தது.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடு. இரண்டையும் 20 சதவீதம் குறை. 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.51. பாதி மின்சாரத்தில் 80 சதவீத வேகம்! அப்படியானால் அதே மின்சாரத்தில் இரண்டு கோரை வைத்து, வேலையைப் பிரித்தால், 1.6 மடங்கு வேலை வாங்கலாம். டூயல் கோர் பிறந்த கதை இவ்வளவுதான். 2005 மே மாதம் இன்டெல்லும் ஏஎம்டியும் அடுத்தடுத்து இறக்கின. ‘வேலையைப் பிரித்தால்’ என்ற அந்த ஒரு நிபந்தனையில்தான் பல்லடத்து அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறார்.

சூடு என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது திருப்பூர். 2005 மே மாதம், பனியன் கம்பெனி ஒன்றின் டிசைன் அறையிலிருந்து போன். “காலையில் நல்லா ஓடுது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல சவ்வு மாதிரி இழுக்குது.” வைரஸ் என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸ் மாற்றிக் கொடுத்தார்களாம். போய் மூடியைக் கழற்றினேன். பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு படிந்து படிந்து கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பினேன், தகடுகளின் வரி அச்சோடு முழுசாக ஒரே பில்லையாக வந்தது. ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்று கீழே போக வழியில்லை. பிராசசர் சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் அறை குளிர்ந்திருக்கும், சமாளித்துவிடும். மத்தியானம் முடியாது. அந்தப் பில்லை இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது.

அடுத்த வருஷம் ஜூலையில் இன்டெல்லின் இரண்டு கோர் பிராசசரான கோர் 2 டுவோ வந்தது. அதை விற்க நான் பட்ட பாடு! ஒரு வாடிக்கையாளர் கடையில் நின்று சத்தம் போட்டார். “ஏனுங்ணா, போன வருசம் எம் மச்சானுக்கு 3 போட்டுக் குடுத்தீங்க. எனக்கு 1.86-ங்கறீங்க. பழைய சரக்கத் தள்ளி உடறீங்களா?” பேசிப் புண்ணியமில்லை என்று, பக்கத்தில் இருந்த ஒரு 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் இதையும் ஒரே ஃபோல்டரை ஜிப் செய்ய விட்டேன். 1.86 முதலில் முடித்தது. அவருக்கு அப்போதும் நம்பிக்கையில்லை, ஃபோல்டரை மாற்றி இன்னொரு தடவை ஓட விடச் சொன்னார். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது கிகாஹெர்ட்ஸில் எழுதியிருக்காது. பிரெஸ்காட் என்ற வகைப் பென்டியம் 4-ல் ஒரு கட்டளை 31 படி தாண்ட வேண்டும், கோர் 2-ல் 14. உன் லேப்டாப்பில் அதே எண் இருந்தாலும் அந்தத் துடிப்புக்குள் நடக்கும் வேலை பல மடங்கு. எண்ணும் ஒரேயடியாக நின்றுவிடவில்லை. 2024-ல் வந்த மேல்மட்ட டெஸ்க்டாப் சிப் ஒன்று 6.2 வரை போகிறது. 3.8-லிருந்து 6.2-க்கு இருபது வருஷம். முன்பு ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போக ஒன்றரை வருஷம்தான் ஆனது.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். எட்டு கோரிலிருந்து 16 கோருக்கு மாறினால் எக்ஸ்போர்ட் நேரம் பாதியாகுமா?
*ஸ்டூடியோ உரிமையாளர், பொள்ளாச்சி*

பாதியாகாது. உங்களுக்குக் கல்யாண வீட்டிலிருந்தே சொல்கிறேன். சமையல்கட்டில் காய் நறுக்க பத்துப் பேரை உட்கார வைத்தால் சீக்கிரம் முடியும். அண்டாவில் பருப்பு வேகிற நேரத்தை அந்தப் பத்துப் பேரால் குறைக்க முடியாது.

1967-ல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் இதைத்தான் சொன்னார், அவர் பெயரிலேயே விதி ஆகிவிட்டது. உங்கள் எக்ஸ்போர்ட் ஒரே கோரில் 100 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 நிமிட வேலை பிரிக்கவே முடியாதது. எட்டு கோர் போட்டால் மீதி 80 நிமிடம் 10 ஆகும், மொத்தம் 30. பதினாறு போட்டால் 80 என்பது 5 ஆகும், மொத்தம் 25. எட்டு கோருக்கு இன்னொரு எட்டு கோரின் காசைக் கொடுத்து ஐந்து நிமிடம் வாங்கியிருக்கிறீர்கள். ஆயிரம் கோர் போட்டாலும் 20-க்குக் கீழே வராது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பார்ப்பது, வீடியோவைச் சுருக்கும் வேலையைத் தனியாகச் செய்யும் பகுதி பிராசசரிலோ கிராபிக்ஸ் கார்டிலோ இருக்கிறதா, எடிட்டிங் சாஃப்ட்வேர் அதைப் பயன்படுத்துகிறதா என்பதை. இன்டெல்லில் இது உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸோடு வரும். மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அந்த கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று எஃப் வாங்கி, அதைப் பிறகு தெரிந்துகொண்டு வருத்தப்பட்ட ஸ்டூடியோக்காரர்களை எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான், அவசரத்தில் கேட்காமல் விட்டேன்.

ஐ5 என்றால் ஐந்து கோர்தானே?
*வாசகர், தாராபுரம்*

இல்லை. இன்டெல் பிராசசர் பெயரில் வரும் அந்த 5 கார் மாடல் பெயர் மாதிரி. ஒரே ஐ5 பெயரில் இரண்டு கோரும் வந்திருக்கிறது, ஆறும் வந்திருக்கிறது, பதினான்கும் வந்திருக்கிறது. பின்னால் வரும் முழு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

பைத்தானில் பகா எண்களை எண்ண ஒரு நிரல் எழுதினேன். நாலு த்ரெட் போட்டுப் பிரித்தேன். ஒரு த்ரெட்டில் ஓடியதைவிட ஒன்றிரண்டு விநாடி கூடத்தான் ஆகிறது. எங்கே தப்பு?
*கல்லூரி மாணவி, திருச்சி*

உன் தப்பில்லை. நாம் சாதாரணமாகப் போடும் பைத்தானில் உள்ளே ஒரே ஒரு பூட்டு உண்டு. எத்தனை த்ரெட் இருந்தாலும், அந்தச் சாவி கையில் இருப்பவர் மட்டும்தான் பைத்தான் வரியை ஓட்ட முடியும். உன் நாலு த்ரெட்டும் சாவியைக் கைமாற்றிக்கொண்டிருந்திருக்கின்றன, அந்தக் கைமாற்றும் நேரம்தான் கூடுதலாகத் தெரிகிறது. இணையத்திலிருந்து ஃபைல் இறக்குவது மாதிரி காத்திருக்கும் வேலைக்கு த்ரெட் உதவும். கணக்குப் போடும் வேலைக்கு ‘மல்டிபிராசசிங்’ பயன்படுத்து. அது தனித்தனி பைத்தானையே நாலு ஓட்டும், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் பூட்டில்லாத ஒரு வடிவத்தைச் சோதனையாக விட்டார்கள்.

பூட்டே இல்லாத சி++-லும் இந்தக் கூத்து நடக்கும். என் தங்கை மகன் நாலு த்ரெட்டுக்கும் நாலு எண்ணிக்கையை ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். ஒருவர் எண்ணை இன்னொருவர் தொடுவதே இல்லை, ஆனாலும் ஆமை வேகம். பிராசசர் நினைவகத்தை பைட் பைட்டாக எடுக்காது, 64 பைட் துண்டாக எடுக்கும். நாலு எண்ணும் ஒரே துண்டில் இருந்ததால், ஒரு கோர் தன் எண்ணை மாற்றும்போதெல்லாம் மற்ற மூன்று கோரிலும் இருந்த பிரதி செல்லாததாகிவிடும். திரும்ப வாங்கிவர வேண்டும். எண்களைத் தள்ளித் தள்ளி வைத்தான், பறந்தது. பக்கத்து வீட்டுச் சுவரில் நம் ஆணி அடிக்கிற கதைதான்.

பழைய சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு ஜியான் பிராசசர், போர்டோடு மலிவாக வருகிறது. மொத்தம் 16 கோர். வீட்டு உபயோகத்துக்கு வாங்கலாமா?
*நெசவுக்கூட மேலாளர், சேலம்*

எனக்கும் கை அரிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஒரே போர்டில் இரண்டு பிராசசர் என்பது எங்கள் தலைமுறைக்கு ஒரு கனவு. 1999-ல் அபிட் நிறுவனத்தின் பிபி6 என்ற போர்டு வந்தது, இன்டெல்லின் விலை குறைந்த செலரான் பிராசசர் இரண்டை அருகருகே சொருகலாம். அதில் விண்டோஸ் 98 போட்டால் இரண்டாவது பிராசசர் இருப்பதே அதற்குத் தெரியாது. நான் ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன், இரண்டாவது ஃபேன் சுற்றுகிற அழகைப் பார்த்து வேகம் கூடிவிட்டதாகவும் நம்பினேன். பிறகு விண்டோஸ் 2000 போட்டபோதுதான் டாஸ்க் மேனேஜரில் இரண்டாவது கட்டம் தெரிந்தது.

இப்போது உங்கள் ஜியான். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது இ5-2670, 2012-ல் வந்தது. எட்டு கோர், 2.6 கிகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றும் 115 வாட். இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் பிராசசருக்கு மட்டும் 230 வாட். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 1.84 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 110 யூனிட். நம் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும்பங்கை இது ஒன்றே தின்றுவிடும். நீங்கள் முழு வேகத்தில் ஓட்டப் போவதில்லை, சரி. அப்படியானால் 16 கோர் எதற்கு?

இரண்டு பிராசசருக்கும் தனித்தனி ரேம் வரிசை இருக்கும். ஒன்று அடுத்ததின் ரேமில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் சுற்றி வர வேண்டும். அதனால் இரண்டு பக்கமும் சரிசமமாக ரேம் போடுங்கள். விண்டோஸ் ஹோம் ஒரு சாக்கெட்டை (பிராசசர் சொருகும் இடம்) மட்டும்தான் எடுக்கும், இரண்டுக்கு புரோ வேண்டும். 2012 சிப் என்பதால் விண்டோஸ் 11-ன் அதிகாரப்பூர்வப் பட்டியலிலும் இல்லை. பிரவுசர், எக்செல், பிள்ளைகளின் கேம் எல்லாம் ஒரு கோரின் வேகத்தை நம்பியவை. அதில் இன்றைய ஆறு கோர் சிப் ஒன்று இதைத் தாண்டிவிடும், சத்தமும் வராது. லினக்ஸ் போட்டு நாள் முழுக்க நிரல் கம்பைல் செய்பவர், ஒரே பெட்டியில் பத்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் பழகுபவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நீங்கள் அவர் இல்லை.

என் போனில் ஆக்டா கோர். டெஸ்க்டாப்பில் ஆறுதான். போன் உசத்தியா?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

போனில் உள்ள எட்டும் ஒரே உயரம் இல்லை. சில பெரியவை, மீதி பேட்டரியை மிச்சம் பிடிக்க வைத்த சின்னவை. 2021 கடைசியிலிருந்து இன்டெல் டெஸ்க்டாப் சிப்புகளிலும் இந்தப் பெரிசு–சிறிசு வந்துவிட்டது. அதனால் ‘மொத்தம் எத்தனை’ என்று கேட்காமல் ‘பெரிசு எத்தனை’ என்று கேளுங்கள்.

16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காகப் போடுவதா, எட்டு எட்டாக இரண்டா?
*வாசகர், உடுமலை*

இரண்டு. கோர் கூடக் கூட எல்லாரும் ஒரே ரேம் வாசலில்தான் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு ஸ்டிக் என்றால் இரண்டு வாசல். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2008-ல் உங்களிடம் அசெம்பிள் செய்த கோர் 2 குவாட் கியூ6600 இன்னும் ஓடுகிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்கிறான் மகன்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், அவிநாசி*

சார், அதை மறக்க முடியுமா? நாலு கோர் என்று எழுதி விற்றோம். உள்ளே பார்த்தால் இரண்டு கோர் சிப் இரண்டை ஒரே மூடிக்குள் ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் வெளியே வந்து போர்டு வழியாகத்தான் பேச வேண்டும். அப்படியும் பதினேழு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

மகன் சொல்வதில் பாதி சரி. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, 11 இதில் ஏறாது. பேங்க் வேலையை இதில் செய்யாதீர்கள். ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றினால், நீங்கள் தமிழில் தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் தாராளமாகப் போதும். பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் இந்நேரம் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். எடுத்து வாருங்கள், பேஸ்ட்டுக்குக் காசு வேண்டாம். ஆனால் வீட்டிலேயே ஒருமுறை தூசி ஊதிவிட்டுக் கொண்டுவாருங்கள் சார். போன முறை உள்ளே பல்லி முட்டை இருந்தது.